ஈரத்துணியால் எழுதிய பெயர்

ஆண்களே பார்த்துவந்த கோட்டை வாசல் காவல் வேலையைச் சின்னவள் பிடித்தாள். அதோடு வரும், கூரை ஒழுகாத அறையையும் பிடித்தாள். "பெருக்குறவளுக்கு எதுக்குடி சாவிக்கொத்து?" என்று கேட்டவர்களின் வாயைச் சத்தம் போடாமலே அடைத்தாள். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவள் இத்தனையும் சாதித்ததை நினைத்தால், அக்கா பெரியவளுக்கு இன்றைக்கும் தலைகால் புரியாது.

பெரியவள் ஐந்தாம் வகுப்புவரை போனவள். துறைமுகத்தில் சாக்கு தைத்தாள். சின்னவள் கோட்டைக்குள் பெருக்கினாள். புருஷன் விட்டுப்போன பிறகு அவளும் மகளும் அக்கா வீட்டுத் தாழ்வாரத்தில்தான் படுக்கை. மழை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தே விடியும். அதனால் காவல்காரர் ஓய்வு பெற்றதும் வாசலை ஒட்டிய அவர் அறைமேல் அவளுக்குக் கண்.

வேலை கேட்டுப் போனவளிடம் கோட்டை அதிகாரி கறாராகச் சொன்னார்: "திறக்கும்போதும் பூட்டும்போதும் பதிவேட்டுல கையெழுத்து போடணும். கைநாட்டு செல்லாதும்மா. ஒரு மாசம் டைம்."

"ஒரு மாசத்துல நான் என்ன ஜட்ஜாவா ஆகப்போறேன், அக்கா?"

"பேரை மட்டும் எழுதுடி. ஜட்ஜும் அதைத்தான் எழுதுறாரு."

பென்சில் அவள் பிடியில் ஒடிந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் பெரியவளுக்கு வாசல் பலகை நினைவு வந்தது. கோட்டையின் கதை எழுதிய ஆளுயரப் பலகை அது. உப்புக்காற்று படிவதால் தினமும் ஈரத்துணியால் துடைப்பது சின்னவளின் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவள் கூடப் போய், அவள் பெயரின் எழுத்துகள் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டினாள். கதையையும் படித்துச் சொன்னாள். மணல்மேட்டில் முதலில் ஒரு சரக்குக் கிடங்கு. அதைக் காக்கச் சுவர், சுவரைக் காக்கச் சிப்பாய்கள். சிப்பாய்களுக்குச் சோறாக்க, துணி வெளுக்க, செருப்புத் தைக்க வந்தவர்களுக்கு உள்ளே இடமில்லை. வெளியே குடிசை போட்டார்கள். குடிசைகள் தெருவாகி, தெருக்கள் நகரமாயின.

"அப்போ ஊரை உண்டாக்கினது நம்ம ஆளுங்களா?" என்றாள் சின்னவள்.

அன்றிலிருந்து அவள் துணி எழுத்துகளின் மேலேயே வளைந்து வளைந்து போனது. பிறகு எதிர்ச்சுவரில் ஈரத்தாலேயே எழுதினாள். ஓர் எழுத்து காய்வதற்குள் அடுத்த எழுத்து.

கெடு முடிந்த அன்று அக்காவும் அலுவலகத்துக்குக் கூடப் போனாள். பதிவேட்டின் கட்டம் தீப்பெட்டி அகலம்கூட இல்லை. சுவரில் சாண் அளவு எழுதிப் பழகிய கை அதற்குக் கீழே இறங்க மறுத்தது. முதல் எழுத்தே கட்டத்தை விழுங்கியது. கடைசி எழுத்து தாளின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. பெரியவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். போச்சு, அறை போச்சு.

"என்னம்மா, கட்டத்துக்குள்ள போடச் சொன்னா பக்கத்தையே பட்டா போட்டுக்கிட்டே!" என்றார் குமாஸ்தா.

சின்னவள் பேனாவை வைக்கவில்லை. "எல்லாரும் சுவத்துக்குள்ளயே இருந்திருந்தா இந்த ஊர் ஏது சார்? உங்க பலகைதானே சொல்லுது."

அதிகாரி நிமிர்ந்தார். தாளைத் தன் பக்கம் திருப்பி, எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்தார். பெயர் சரியாகத்தான் இருந்தது.

"கையெழுத்துதானே கேட்டோம், அளவு சொல்லலையே" என்று சாவிக்கொத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "நாளையிலேர்ந்து கொஞ்சம் சுருக்கும்மா. பதிவேடு வாங்கிக் கட்டுப்படியாகாது."

குமாஸ்தா, அவள் எழுத்தின்மேல் படாமல், மிச்சமிருந்த மூலையில் தேதி போட்டார்: 1988 மார்ச் 9, புதன்கிழமை.