வீடு தெரிந்த குதிரை

செத்தவர்களைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். இந்த வழக்கத்தைக் கிளப்பிவிட்டவன் என் தாத்தா மாதிரி ஒரு ஆளாகத்தான் இருப்பான்.

பெயர் புரோகிப் டானிலுக். கனடாவின் சஸ்காச்சுவன் புல்வெளியில், அடுத்த வீட்டுப் புகைகூடத் தெரியாத இடத்தில், கல் பொறுக்கிப் பொறுக்கி நிலமாக்கியவர். உழைப்பாளிதான், மறுக்கவில்லை. மாடும்தான் உழைக்கிறது. அது குடித்துவிட்டு வந்து அடுப்பை எட்டி உதைப்பதில்லை. உருளைக்கிழங்கில் தானே சாராயம் காய்ச்சிக் குடிப்பார், தீர்ந்துபோனால் டவுன் மதுக்கடை. அவருக்கு வாக்கப்பட்டவள் சீக்கிரமே போய்ச் சேர்ந்தாள். அவளுக்குக் கிடைத்த ஒரே ஓய்வு அதுதான்.

எங்கள் பக்கத்து ஆண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பனிக்காலத்தில் டவுனுக்குப் போய்க் குடித்தால், திரும்பும்போது கடிவாளத்தை விட்டுவிட்டுச் சறுக்குவண்டி வைக்கோலுக்குள் படுத்துக்கொள்வார்கள். குதிரை வீடு கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். தாத்தாவின் கிழட்டுப் பெட்டைக் குதிரை பல வருஷம் அந்தச் சுமையைச் சலிக்காமல் இழுத்து வந்தது.

1941 ஜனவரியில் டோசியா அத்தைக்கு, அதாவது என் அப்பாவின் தங்கைக்கு, ஏழு வயது. இரண்டு காதிலும் சீழ் கட்டி, காய்ச்சல் கொதித்தது. தாத்தா டவுனுக்குப் போய் டாக்டரிடம் மாத்திரை வாங்கினார். "இன்னிக்கே ஆரம்பிச்சிருங்க. விட்டா காது போயிடும்" என்று டாக்டர் சொன்னாராம். மனுஷனாகப் பிறந்தவன் நேரே வீட்டுக்கு வருவான். இவர் மாத்திரை டப்பாவைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு மதுக்கடைக்குப் போனார்.

கடைக்குப் பின்னால் இருந்த லாயத்தில் செமன் ஹிரின்கிவ் என்ற இளவட்டம் ஒரு வாட்டசாட்டமான குதிரையோடு நின்றிருந்தான். தாத்தாவுக்கு ஆசை வந்துவிட்டது. கிழட்டுக் குதிரை சினையாக இருந்ததால் செமனும் மாற்றிக்கொண்டான். பேரம் முடிந்ததும் செமன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டான். தாத்தா உள்ளே போய், புதுக் குதிரை வந்த சந்தோஷத்துக்கு மூச்சுமுட்டக் குடித்தார். பிறகு வழக்கம்போல வைக்கோலுக்குள் படுத்துக் கடிவாளத்தை விட்டார். குதிரையும் தன் வீட்டுக்குத்தான் போனது. அதன் வீடு செமன் வீடு, எங்களுக்கு நேர் எதிர்த்திசையில்.

அவர் மறுநாள் மதியம் வந்து சேர்ந்தபோது அத்தைக்கு இரண்டு காதும் போயிருந்தது.

அந்தப் பிள்ளை உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகியதும் அவளிடம் என்ன சொன்னார் தெரியுமா? பனிப்புயலில் வழி தப்பிவிட்டதாம். மாத்திரை நனையாமல் இருக்க நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விடிய விடிய நடந்தாராம். தூ! அவள் நம்பினாள். கல்யாணம் வேண்டாம் என்று அவரோடேயே இருந்தாள். வாந்தியைத் துடைத்தாள், கால் நகம் வெட்டிவிட்டாள். "எனக்காகப் புயல்ல நடந்த மனுஷன்" என்பாள். உண்மை தெரிந்த என் அப்பா எனக்கு மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். நானும் அத்தையிடம் வாய் திறக்கவில்லை. அந்தப் புயல் ஒன்றுதான் அவளிடம் இருந்த சொத்து.

ஆனால் குதிரை மாறிப்போன கதை ஊருக்கே தெரியும், மாத்திரை விஷயத்தைத் தவிர. தாத்தாவே எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அதைச் சொல்லிச் சிரிப்பார். காது கேட்காத மகள் குனிந்து அவருக்கே டீ ஊற்றிக்கொண்டிருப்பாள்.

போன வசந்தத்தில், தொண்ணூறைத் தொட்டபிறகு, தாத்தா ஒருவழியாகப் போனார். அடக்கம் முடிந்து சர்ச் ஹாலில் சாப்பாடு. செத்தவருக்கென்று மேஜையில் ஒரு கிளாஸ் சாராயம் ஊற்றி, மேலே ரொட்டித் துண்டு மூடி வைப்போம். அத்தைதான் ஊற்றினாள், விளிம்பு வரைக்கும். கிழவராகிவிட்ட செமன் எழுந்து கதையை ஆரம்பித்தார். ஹாலே சிரித்தது. அவருக்கு நல்ல மனசு, அதுதான் வினையாகிவிட்டது. அத்தைக்கு மட்டும் புரியாமல் போகக் கூடாதே என்று அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"மாமா, வேணாம், விடுங்க" என்றேன்.

"சும்மா இரும்மா. பாவம், அவளும் சிரிக்கட்டும்." உதட்டை நிறுத்தி நிறுத்தி அசைத்து, கடிவாளம் பிடிப்பது போலக் கையாட்டிச் சொன்னார். "காலைல எந்திரிச்சு லாயத்துக்குப் போறேன். வாசல்ல வண்டி. உள்ள உங்கப்பன் கொர்ர்னு கெடக்கான். எழுப்பினா, எங்க வீட்டு அப்பத்தை ரெண்டு தரம் வாங்கித் தின்னான். கோட்டுப் பையில மாத்திரை டப்பா. யாருக்குய்யா இதுன்னேன். தலைவலிக்கு, நேத்து குடிச்சதுக்குன்னான்."

அத்தை சிரித்துக்கொண்டேதான் இருந்தாள், டப்பா வரும்வரை. பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் குரல் எப்போதும் சற்று உரக்கத்தான் இருக்கும்.

"நான் படுத்துக் கெடந்த குளிர்காலமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

"உனக்கும் தெரியும்."

செமனின் கை அந்தரத்திலேயே நின்றது.

"குதிரை மேல குத்தமில்ல செமன்" என்றாள் அத்தை. "அதுக்கு வீடு தெரிஞ்சிருந்துது."

எழுந்து போய், கிளாஸின் மேலிருந்த ரொட்டியை எடுத்துக் கடித்தாள். மென்றுகொண்டே கிளாஸைத் தூக்கிப் போய்க் கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். அதைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, மற்ற கிளாஸ்களோடு அடுக்கி வைத்தாள்.