நான் வெட்டி எறிந்த ஓரங்கள்

தாராவியில் தோல் வேலை தெரிந்தவர்கள் சந்துக்குச் சந்து இருக்கிறார்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தோலைத் தடவி, இது வெள்ளாடா செம்மறியா, முதுகா வயிறா என்று சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, என் பட்டறைக்கு வந்து கேட்டுப் பாருங்கள். நாலாம் வகுப்போடு ரயில் ஏறி வந்தவன் நான். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷில் கையெழுத்து மட்டும் போடுவேன். அப்படிப்பட்டவன் செய்த டைரிகள் இன்று பெரிய பெரிய ஆபீஸ் மேஜைகளில் கிடக்கின்றன. அதனால், மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமி பழைய புத்தகம் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தபோது நான் யோசிக்கவே இல்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலேறி பம்பாய்க்கு வந்து, ஒரு குளிர்காலம் முழுக்கத் தங்கிப்போன துரைசாணி ஒருத்தி ஊருக்குத் திரும்பி எழுதிய புத்தகம் அது. துறைமுகம், பஞ்சு மூட்டை, கடைத்தெரு, கல்யாண ஊர்வலம் எல்லாம் அதில் இருக்கிறதாம். மாமியின் வீட்டுக்காரர் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். காலமாகிவிட்டார். கடைசிவரைக்கும் அவர் இந்தப் புத்தகத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார் என்று மாமி சொன்னார். புத்தகத்தோடு என்ன சண்டை என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

"அட்டை மட்டும்தான் பாய். உள்ளே ஒண்ணும் தொடப்படாது. சனிக்கிழமை வெளிநாட்டுலேர்ந்து ஒரு புரொஃபசர் வரார். பக்கம் பக்கமா போட்டோ எடுத்துண்டு போகணுமாம்."

"மாமி, நீங்க வீட்டுல போயி நிம்மதியா காப்பி குடிங்க. சனிக்கிழமை வாரவரு புத்தகத்தப் பாக்க மாட்டாரு, அட்டையத்தான் பாப்பாரு."

சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். ஆனால் என் புத்திப்படிதான் செய்தேன். டைரி வேலையில் ஒரு பழக்கம் உண்டு. தாளைத் தைத்து முடித்ததும் கட்டிங் மிஷினில் வைத்து மூன்று பக்கமும் ஒரே சீராக வெட்டிவிடுவோம். ஓரம் கண்ணாடி மாதிரி நிற்காத டைரியை எந்தக் கம்பெனியும் வாங்காது. அந்தப் புத்தகத்தின் ஓரமோ பூச்சி அரித்துக் கிடந்தது. பென்சில் கிறுக்கல் வேறு. பேரப்பிள்ளைகளின் வேலை என்று நினைத்துக்கொண்டேன். வேறு யாரிடமும் விடாமல் நானே அளவு பார்த்து, நானே கைப்பிடியை அழுத்தினேன். ஒரு விரல் அகலத்துக்கு வெட்டினேன். பிறகு கருஞ்சிவப்புச் செம்மறித் தோலில் அட்டை போட்டு, தங்க எழுத்தும் பதித்தேன். அப்படி ஒரு அட்டையை நானே பார்த்ததில்லை.

வியாழக்கிழமை என் மருமகளுக்கு ஆபீஸ் லீவு. தங்க எழுத்தில் இங்கிலீஷ் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அவளிடம் கொடுத்தேன். அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. தமிழ் எழுத்து மட்டும் ஓடாது. பார்த்தவள் அப்படியே உட்கார்ந்து உள்ளே படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"மாமா, நம்மளப் பத்தி எழுதிருக்கு. மாஹிம் தாண்டி உப்பங்கழிப் பக்கம் தோல் ஊறப் போடுற ஆளுங்க இருக்காங்களாம். நாத்தம் தாங்காம வண்டிக்காரன் குதிரைய அடிச்சு ஓட்டுனானாம். இந்த ஜனங்களுக்கு மூக்கே கெடையாதுன்னு எழுதிருக்கா."

"யாருக்கு மூக்கு இல்ல? அவள இப்ப வரச் சொல்லு!"

"அவ போய்ச் சேந்து எத்தனையோ வருசம் ஆச்சு மாமா. அரே, இங்க சைடுல என்ன? தமிழா?"

வாங்கிப் பார்த்தேன். அச்சுக்குப் பக்கத்தில், பென்சிலில், பொடிப்பொடியாகத் தமிழ் எழுத்து. எழுத்துக் கூட்டினேன். 'அம்மணி, உங்கள்' என்று ஒரு வரி. அதன் கீழே 'கையில் இரு' என்று நின்றது. அதற்குக் கீழே 'தோல்பை எ'. அதோடு தாள் முடிந்துவிட்டது. கண்ணாடி மாதிரி வழவழப்பாக, நான் வெட்டின இடத்தில் முடிந்துவிட்டது.

வேறு பக்கங்களைப் புரட்டினேன். எல்லாப் பக்கமும் அப்படித்தான். வலது பக்கத்தில் வரிக்கு வால் இல்லை, இடது பக்கத்தில் தலை இல்லை. மருமகள் அச்சைப் படித்துச் சொல்லச் சொல்ல, நான் ஓரத்தைக் கூட்டிப் படிக்கப் படிக்க, மெல்ல விளங்கியது. துரைசாணி எழுதிய ஒவ்வொன்றுக்கும் அந்தக் குமாஸ்தா பக்கத்திலேயே பதில் எழுதியிருக்கிறார். கூலிக்காரர்கள் மூட்டைமேல் மிருகம் மாதிரி தூங்குகிறார்கள் என்று அவள் எழுதியதற்கும் ஒரு பதில் இருந்தது. அது என்னவென்று தெரியவில்லை. புரொஃபசர் போட்டோ எடுக்க வருவதும் அந்தப் பதில்களைத்தான். இங்கிலீஷ் அச்சு ஓர் எழுத்து குறையாமல் நிற்கிறது. நம்ம ஆள் சொன்னதை மட்டும் நான் நறுக்கிவிட்டேன்.

வெட்டுத்தாள் சாக்கு முந்தின நாள் சாயங்காலமே குடோனுக்குப் போய்விட்டது. அங்கிருந்து லாரி ஏறினால் அரைத்துக் கூழாக்கிவிடுவார்கள்.

பழைய பேப்பர் குடோன்காரர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. நான் போன நேரம் வாசலில் லாரி நின்றது. பாதிச் சாக்குகள் ஏறியிருந்தன.

"அண்ணாச்சி, லாரிய நிறுத்தும்! நேத்து நம்ம பட்டறை சாக்கு எங்க?"

"என்னவே பாய், மூஞ்சி வெளுத்துப் போயி வாறீரு? சாக்குல வைரத்த வச்சு அனுப்பிட்டீரா?"

"பழுப்புத் தாளு. விரல் அகலத்துல சிம்பு சிம்பா இருக்கும்."

"போட்ட குப்பையத் திருப்பிக் கேட்டு வந்த மொத மொதலாளி நீருதாம்வே. கொட்டித் தேடும். ஆனா அள்ளி வச்சுட்டுத்தான் போகணும்."

கொட்டினேன். வெள்ளைச் சிம்புக்கு நடுவில் பழுப்புச் சிம்பு தனியாகத் தெரிந்தது, அது ஒன்றுதான் எனக்கிருந்த அதிர்ஷ்டம். முதல் சாக்கில் நிறையக் கிடைத்தது. இரண்டாவது சாக்கு அவிழ்ந்து மற்றவர்கள் குப்பையோடு கலந்திருந்தது. முழங்கால் மடக்கி உட்கார்ந்து மத்தியானம்வரை பொறுக்கினேன். லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் அண்ணாச்சி, "போதும் எந்திரியும்வே, நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு விழுந்துராதீரும்" என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இதுல எது எந்தப் பக்கம்னு எப்பிடிக் கண்டுபுடிப்பீங்க மாமா?"

அங்கேதான் இருக்கிறது வேலைக்காரனின் கை. பூச்சி ஒரு தாளோடு நிற்காது. துளை போட்டுக்கொண்டே அடுத்த தாளுக்குப் போகும், கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறும். இரண்டு தோலை ஜோடி சேர்க்கும்போது ரேகையைப் பார்ப்பது போல, துளையைப் பார்த்துச் சிம்புகளை வரிசை வைத்தேன். இங்கிலீஷும் வேண்டாம், நம்பரும் வேண்டாம். சாயங்காலத்துக்குள் முக்கால்வாசி பக்கங்களுக்கு ஓரம் சேர்ந்துவிட்டது. அந்தத் தோல்பை பக்கத்துக்கு உரியதும் வந்தது. சேர்த்து வைத்துப் படித்தேன்: 'அம்மணி, உங்கள் கையில் இருந்த தோல்பை என்ன, மரத்தில் காய்த்ததா?'

மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களுக்காக ஒரு மாட்டுங்கா மனுஷன், கேட்க ஆளில்லாமல், ஓரத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறார். அவர் வாயைத்தான் நான் வெட்டியிருக்கிறேன்.

"மாமிக்குக் கண்ணு மங்கல்தானே" என்று மெதுவாகச் சொன்னேன். "ஒட்டிக் கொடுத்துட்டா?"

"புரொஃபசருக்குமா மங்கல்?" என்றாள்.

வெள்ளிக்கிழமை மாட்டுங்கா. மூன்று மாடி ஏறுவதற்குள் நாலு இடத்தில் நின்றேன். படி காரணமில்லை. மாமியிடம் புத்தகத்தையும் சிம்புகள் வைத்த உறையையும் சேர்த்தே கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் அட்டையைப் பார்க்கவே இல்லை. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு நேராகக் கடைசி அத்தியாயத்துக்குப் போனார். கப்பல் கிளம்பும்போது கரையில் யாரும் அழவில்லை, பிரிவு என்றால் என்னவென்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாது என்று துரைசாணி எழுதியிருக்கிறாளாம். பக்கத்தில் பென்சில்.

"'அழுவதற்கு எங்களுக்கு'... அப்புறம் என்ன பாய்?"

"கடைசிப் பக்கத்துக்கெல்லாம் ஓரம் கிடைக்கல மாமி. ரெண்டு சாக்கும் தேடிட்டேன்."

மாமி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"எனக்கும் ஞாபகம் வரலை. சமையல்கட்டு வாசல்ல நின்னுண்டு படிச்சுக் காட்டுவார். நான் வாணலியைப் பாத்துண்டு 'உம்' கொட்டிண்டிருப்பேன்." புத்தகத்தை மூடினார். "நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடுங்கோ. எந்தச் சிம்பு எங்கேன்னு உங்களுக்குத்தான் தெரியும். யார் வெட்டினான்னு அவர் கேப்பார். அதை நான் சொல்ல மாட்டேன்."

சனிக்கிழமை போனேன். புரொஃபசர் ஆள் நெட்டையாக, மரியாதையாக இருந்தார். நான் சிம்பைப் பக்கத்தோடு பொருத்திப் பிடிக்க, அவர் போட்டோ எடுத்தார். கடைசி அத்தியாயத்தை ஓரமில்லாமலே எடுத்தார். பிறகு, யார் வெட்டியது என்று கேட்டார். நான்தான் என்று சொன்னேன். மாமி இங்கிலீஷில் சொன்னார். அவர் தலையை ஆட்டிவிட்டு நோட்டில் ஏதோ எழுதினார்.

கப்பலில் வந்தவளும் இப்படித்தானே நோட்டில் எழுதியிருப்பாள்.

"மாமி, என்ன எழுதுதாருன்னு கேளுங்க."

மாமி கேட்டுச் சொன்னார். "'உள்ளூர் வேலையாள் ஒருத்தர் கவனக்குறைவா வெட்டிட்டார்'னு எழுதியிருக்கார்."

"கவனக்குறைவு இல்ல மாமி. அளவு பாத்து, ரொம்பக் கவனமாத்தான் வெட்டுனேன். அழுக்குன்னு நெனச்சு வெட்டுனேன். அத அப்படியே எழுதச் சொல்லுங்க."

மாமி சொன்னார். அவர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு எழுதினதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். மாமி பூதக்கண்ணாடியோடு குனிந்து, நான் சொன்னது போலவே இருக்கிறதா என்று ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தார்.