பெரிய எழுத்தில் ஒரே ஒரு பிரதி

என் மனைவியைப் பரிசோதித்துவிட்டுக் கண் மருத்துவர் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. "அம்மாவுக்குப் பார்வை குறைஞ்சுக்கிட்டேதான் போகும். பெரிய எழுத்தா இருந்தா இன்னும் ஒரு வருஷம் வாசிக்கலாம்." முத்தையாபுரம் திரும்பும் பஸ்ஸில் அவள் கேட்டாள்: "அவன் கடுதாசியெல்லாம் பெருசா அடிச்சுத் தருவாவளா?"

அவன் எங்கள் ஒரே மகன். கல்லூரியில் இடம் கிடைத்தும் போகாமல், மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் தோணியில் வேலைக்குச் சேர்ந்தவன். நான் வேதியியல் ஆசிரியர். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கல்லூரிக்கு அனுப்பியவன். அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன். கைபேசி எல்லார் கையிலும் வராத காலம் அது. மூன்று வருடம் தாய்க்கு மட்டும் எழுதினான். பிறகு ஒரு புயலில் தோணியோடு போய்விட்டான். உடல்கூடக் கிடைக்கவில்லை.

"ஒரே ஒரு பிரதிய எவன் அச்சடிப்பான்?" என்று அவளிடம் சொன்னேன். பொய். அதற்கு முந்தின மாதம்தான் டிஜிட்டல் அச்சுக்கடை ஒன்றில், பழைய மாணவர் சந்திப்புக்காக என் படம் போட்ட மலரை, இருபதே பிரதி, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பெயரோடு அடித்து வாங்கியிருந்தேன். பழைய அச்சகம் மாதிரி பக்கத்துக்குப் பக்கம் பிளேட் செய்ய வேண்டாம், நூறு பிரதி எடுத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. எல்லாம் தெரியும். அந்தக் கடிதங்களைப் பிரிக்கத்தான் பயம். என்னைத் திட்டி எழுதியிருப்பான் என்று நினைத்தேன். இப்படியே ஒன்றரை வருடம் கடத்தினேன்.

அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதன் பிறகுதான் கடிதங்களோடு அந்தக் கடைக்குப் போனேன்.

கடையில் ஒருவர் கல்யாண பேனருக்காக நின்றுகொண்டிருந்தார். "அண்ணாச்சி, மாப்பிள்ளைய இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்குங்க."

"ஏலே, இதுக்கு மேல வெளுத்தா பொண்ணு வீட்டுல வேற ஆளுன்னுலா நெனைப்பாவ!" என்றார் கடைக்காரர். நானும் சிரித்தேன்.

பிறகு கடிதங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தார். திரையில் தாளின் மஞ்சள் போயிற்று, மடிப்புக் கோடுகள் போயின. மங்கிப்போயிருந்த மை கறுத்தது. புதிதாகத் தட்டச்சு செய்த எழுத்தல்ல. அவன் கையெழுத்தேதான், புளியங்கொட்டை அளவில். வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் எல்லாம் புத்தகமாகிவிட்டது.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"இவ்வளவுதான் சார்."

வீட்டில் அவள் அதைக் கண்ணருகே கொண்டுபோனாள். தலையைச் சாய்த்தாள். எழுந்து ஜன்னலோரம் போய்ப் பார்த்தாள்.

"கறுப்பா என்னமோ இருக்கு. எழுத்து தெரியல. நீங்களே வாசிங்க."

முதல் கடிதத்தை வாசித்தேன். தோணியின் சமையற்காரரைப் பற்றி, டீசல் வாடை பற்றி, மாலத்தீவில் தின்ற மீன் பற்றி எழுதியிருந்தான். திட்டு எதுவும் இல்லை.

"ஒரு வரிய விட்டுட்டிய" என்றாள்.

"உனக்கெப்படித் தெரியும்?" என்றேன்.

"எனக்கு எல்லாம் மனப்பாடம். அவன் கையெழுத்த இன்னொருக்கா பாக்கணும்னுதான் கேட்டேன்."

விட்ட வரியை வாசித்தேன். "அப்பா என்னைப் பத்திக் கேட்டாவளா?"

"நீ என்ன பதில் எழுதுன?"

"கேட்டாவன்னுதான். வேற என்னத்த எழுத?"

ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. அவளுக்கு அது தெரியும். "அடுத்தத வாசிங்க" என்றாள்.

அடுத்த கடிதம் அந்தக் கேள்வியோடுதான் தொடங்கியது. விடாமல் வாசித்தேன்.