குளிருக்கு நன்றி சொல்கிற ஜிஸ்மி

பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு ஜிஸ்மி பாடிக்கொண்டிருக்கிறாள். பீர்மேட்டில் டிசம்பர் மாதம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் மற்ற வீடுகளிலெல்லாம் வெந்நீர் அடுப்பு புகைகிறது. "ஏ பிள்ள, சன்னி வந்து கெடக்கப் போற!" என்று பக்கத்து வீட்டுச் சாந்தம்மாள் கத்துகிறாள். "சுடுதண்ணி ஊத்துனா கண்ணு மங்கிரும்க்கா. இந்தக் குளுருக்கு நான் ஸ்தோத்திரம்லா சொல்லணும்!"

அது வேடிக்கைப் பேச்சு அல்ல. உடம்பு சூடேறினால் அவளுடைய இடது கண்ணில் பனி இறங்கும், கால் கனக்கும். ஆறியதும் சரியாகிவிடும்.

தேயிலைத் தொழிற்சாலையில், இலையை அனலில் உலர்த்தும் டிரையரின் வாயில் விழும் தூளை அள்ளுவது அவள் வேலையாக இருந்தது. முதலில் கண்தான் வலித்தது. சிவப்புச் சேலை வெளுத்துத் தெரிந்தது. கண்ணாடி மாட்டிவிட்டார்கள், சில வாரங்களில் பார்வை தானே தெளிந்தது. மறு வருஷம் இடுப்புக்குக் கீழே மரத்துப் போனது. தலையைக் குனிந்தால் முதுகு வழியாகக் கரண்ட் அடித்தது. சிறுநீரை அடக்க முடியவில்லை; அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. தள்ளாடி நடந்தவளைப் பார்த்து, "குடிச்சிருக்கா" என்றாள் லயத்தில் ஒருத்தி. அதைக் கேட்ட கணவன் டிஜோ, வாடகைச் சவாரியைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, அவளைத் தன் ஜீப்பில் ஏற்றிக் கோட்டயத்துக்குக் கொண்டுபோனான். ஸ்கேனில் மூளையிலும் தண்டுவடத்திலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள்.

"மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்" என்று இப்போது நிறுத்தி நிதானமாகச் சொல்வாள். "நோய எதுக்கணும்னு ஒடம்புல இருக்க பட்டாளம், நம்ம நரம்பு மேல உள்ள உறையவே கரம்பித் தின்னுருது. பெறகு மூளை சொல்லுதது காலுக்கு எப்பிடிப் போய்ச் சேரும்? லயத்துல எம்.எஸ்.னு சொன்னா, எப்பம் படிச்சன்னு கேக்காக!"

ஸ்டீராய்டு டிரிப் ஏற்றியதும் கால் திரும்பியது. வியாதியை வேரோடு பிடுங்க மருந்து இல்லை, அடுத்த தாக்குதலைத் தள்ளிப்போடத்தான் மருந்து என்று டாக்டர் விளக்கினார். தொடையில் தானே குத்திக்கொள்ளும் ஊசி கொடுத்தார்கள். அதைச் சாந்தம்மாள் வீட்டு ஃபிரிட்ஜில், மத்தி மீனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். போடும் நாளெல்லாம் காய்ச்சலும் நடுக்கமும். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று ஒருநாள் நிறுத்திவிட்டாள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் வலது கை விழுந்தது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. டிஜோ ஊட்டினான். "ஒரு வார்த்த ஏசல. ஏசியிருந்தா அவ்வளவு அழுதிருக்க மாட்டேன்."

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொரு மருந்தை டிரிப்பில் ஏற்றுகிறார்கள். அது அந்தப் பட்டாளத்தையே குறைத்துவிடுவதால் சளி, காய்ச்சல் எல்லாம் எளிதில் தொற்றும். ஜெபம் பண்ண வந்த உபதேசியார் இருமினால்கூட, "ஐயா, தள்ளி நின்னு ஜெபிங்க, கர்த்தருக்குக் கேக்கும்" என்பாள். புதிய தாக்குதல் எதுவும் இல்லை. கையும் பெரும்பாலும் திரும்பிவிட்டது. நடுக்கம் மட்டும் தங்கிவிட்டது.

வேலைக்குத் திரும்பியபோதுதான் சிக்கல் வந்தது. டிரையர் சூட்டில் நிற்க முடியாது. சரிவில் ஏறிக் கொழுந்து கிள்ளக் காலில் பலமில்லை. வேலை போனால் லயத்து வீடும் போகும். சூப்பர்வைசர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தபோது, தூளைத் தரம் பிரிக்கும் சல்லடை மிஷினில் சன்னலோரம் நின்ற சங்கையா முன்னால் வந்தார்.

"சார், எனக்கு மூட்டு வலி. இந்தச் சன்னலோரக் குளுரு ஆவல. என்னைய டிரையர்ல போடுங்க. இந்தப் பிள்ள இங்க நிக்கட்டும்."

காலமெல்லாம் டிரையரில் வெந்து, கெஞ்சிக் கேட்டு அவர் வாங்கிய இடம் அந்தச் சன்னலோரம். அது எல்லாருக்கும் தெரியும், சூப்பர்வைசருக்கும் தெரியும். அப்படியும் சூப்பர்வைசர் ஆளை மாற்றிப் போட்டார்.

"எதுக்குண்ணே பொய் சொன்னீக?" என்று பிறகு ஜிஸ்மி கேட்டாள்.

"பொய்யா? அனல் காயுத வயசுல்லா பிள்ள எனக்கு."

நன்றி என்ற வார்த்தையை ஜிஸ்மி இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.

தேநீர் வேளையில் தன் தம்ளரைத் தொடுவதற்கு முன் அவருக்கு ஒரு தம்ளர் தேநீரை எடுத்துக்கொண்டு டிரையர் அறை வாசல்வரை போகிறாள். உள்ளே அடிக்கும் சூட்டில் அதற்கு மேல் அவளால் போக முடியாது. சங்கையா வேர்வையைத் துடைத்தபடி வந்து எதிரே கையை நீட்டி நிற்கிறார், எட்டிப் பிடுங்குவதில்லை. தம்ளர் ஆடுகிறது, விளிம்பில் சிந்துகிறது. ஜிஸ்மி இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, தேநீரை மெல்லக் கொண்டுபோய் அவர் உள்ளங்கையில் வைக்கிறாள்.