சத்தம் அதிகமான துப்பாக்கி

கருப்பசாமி உட்கார்ந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பர்கூர் பக்கத்துக் கருங்கல் குவாரியில் அவர் மேஸ்திரி, நான் கம்ப்ரசர் ஓட்டுகிறவன். டீயைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பார். பாதி டீ சட்டையில் இருக்கும். அருப்புக்கோட்டையிலிருந்து எண்பத்திரண்டில் வேலைக்கு வந்த மனுஷர், வந்த அன்றே பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வெங்கடப்பனைப் பார்த்துவிட்டார். வெங்கடப்பனுக்குக் கரடி அடித்து முகத்தில் ஒரு பக்கம் கிடையாது. அன்றிலிருந்து கருப்பசாமிக்குத் தூக்கம் போயிற்று.

பயம் தனக்காக அல்ல. அவர் மனைவி பவளம் தினமும் மத்தியானச் சோற்றோடு, கரடி பழம் தின்ன வரும் சீத்தாப்பழப் புதர்களுக்கு நடுவே தனியாகக் குன்று ஏறி வருவாள். காலையிலேயே கட்டிக்கொண்டு வந்தால் என்ன என்று கேட்டேன். ஆறின சோறு அவருக்குத் தொண்டையில் இறங்காதாம். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. பெண்டாட்டிக்காகப் பயப்படுவாராம், ஆனால் சுடுசோற்றை விடமாட்டாராம்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. வெடி வைக்கும் முன் விசில் ஊதிச் சிவப்புத் துணி காட்டுவோம். அப்படியும் சில வெடி வெடிக்காமல் நின்றுவிடும். பிறகு தனக்குத் தோன்றிய நேரத்தில் வெடித்துத் தொலைக்கும். அதனால் சத்தம் கேட்டால் பக்கத்தில் எந்தப் பாறை மறைவு இருக்கிறதோ அதற்குள் பாய்ந்துவிட வேண்டும். மேலே போன கல் கீழே வருவதற்குள் பாய வேண்டும், யோசிக்க நேரம் கிடையாது. பவளத்துக்கு இதைப் பழக்கியது கருப்பசாமிதான். சாப்பிட உட்காராமல் நின்றபடியே பிசைந்துகொண்டு தினமும் சொல்வார்: “என்ன ஏதுன்னு பாத்துக்கிட்டு நிக்காத. சத்தம் கேட்டா பாறைக்கு அடியில போயிரு.”

முதலாளி ஒற்றைக்குழல் துப்பாக்கி வாங்கித் தருவதாகச் சொன்னார். இவர் ஒப்பவில்லை. தோளில் நீளமாக மாட்டிக்கொண்டு பாறை ஏறமுடியாது, இடுப்பில் நிற்கிற கைத்துப்பாக்கிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். தர்மபுரி கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து, முதலாளியின் செல்வாக்கில் லைசென்ஸ் வந்தது. சேலத்துக் கடைக்கு நானும் துணைக்குப் போனேன்.

கடைக்காரர் இரண்டு ரிவால்வர்களை எடுத்து வைத்தார். ஒன்று சின்னது, பளபளப்பு, சட்டைக்குள் வைத்தால் தெரியாது. மற்றது யாரோ விற்றுவிட்டுப் போன சீமைத் துப்பாக்கி, பெல்ட்டை இழுத்துக் கீழே கொண்டுவரும் கனம். கருப்பசாமி இதை எடுத்தார், அதை வைத்தார், வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

“கரடிக்கு ரெண்டுமே பத்தாதுங்க,” என்றார் கடைக்காரர். “சத்தத்துக்குப் பயந்து ஓடுனாத்தான் உண்டு.”

“எது சத்தம் சாஸ்தி?”

“பெரிசுதாங்க.”

“அப்ப அதையே குடுங்க.”

வாங்கின பிறகாவது மனுஷர் அடங்குவார் என்று நினைத்தேன். இன்னும் மோசமானார். கை இடுப்பைவிட்டு நகரவில்லை. நிழல் விழுந்த கல்லெல்லாம் அவருக்குக் கரடி. துளை போடுகிற திம்மப்பன், “மேஸ்திரி, அது கல்லுங்க. கல்லச் சுட்டா மொதலாளி சம்பளத்துல புடிச்சிக்குவாரு,” என்று கிண்டல் செய்வான். அவர் சிரிக்கமாட்டார்.

சீத்தாப்பழக் காலத்தில் ஒருநாள். முந்தின நாள் வைத்த வெடியில் ஒன்று நின்றுபோயிருந்தது. அதை எடுக்கும்வரை எல்லோருக்கும் காது அங்கேயே இருந்தது. பவளத்துக்கும் தெரியும். அவள் வரும் நேரமாகியும் காணவில்லையே என்று கருப்பசாமி எதிரே இறங்கிப் போனார். பாதை ஓரத்தில் கரடி. புற்றைத் தோண்டி மூக்கை உள்ளே விட்டுக் கறையான் தின்றுகொண்டிருந்தது. இவரைப் பார்க்கவே இல்லை. பேசாமல் பின்னால் நகர்ந்திருக்கலாம். பவளத்தை ஒரு குரல் கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். அந்தக் கை இத்தனை மாதம் இடுப்பில் காத்திருந்த கை அல்லவா? வானத்தைப் பார்த்து இரண்டு தடவை சுட்டார்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. குன்றே அதிர்ந்தது. மேலே நான் கம்ப்ரசருக்கு அடியில் பாய்ந்துவிட்டேன். கரடி பயந்து கீழே ஓடியது, தன் குகைக்கு. திருப்பத்துக்கு அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்த பவளம் தூக்குவாளியைப் போட்டுவிட்டு, பக்கத்துப் பாறைக்கு அடியில் நுழைந்தாள். அதுதான் கரடியின் குகை.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது கண் போயிற்று. அவளுக்குப் பேச்சு வரும்வரை கருப்பசாமி வார்டில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து நர்சுகளிடம் திட்டு வாங்கினார். நான் சாத்துக்குடியோடு போன அன்றுதான் அவள் வாய் திறந்தாள்.

“நின்னுபோன வெடிய எடுக்காம விட்டது யாருங்க? அந்த ஆளச் சும்மா விடாதீக.”

கருப்பசாமி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “வெடி இல்ல பவளம். நான்தான் சுட்டேன். கரடியப் பாத்தேன்.”

“ஒங்க மேல பாஞ்சுச்சா?”

“இல்ல.”

“பெறகு என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சு?”

“புத்து நோண்டித் தின்னுக்கிட்டு இருந்துச்சு.”

பவளம் கட்டுப் போடாத கண்ணால் அவரையே பார்த்தாள்.

“அப்ப எதுக்குச் சுட்டீக?” என்றாள்.