சீட்டு எப்படிண்ணே இருக்கு?

அரிமளத்துக்குப் பக்கத்தில் ரோடு போடும் வேலையில் ரோலர் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதிர்ந்து அதிர்ந்து ஜல்லியை அமுக்கும் ரோலர். ஜல்லி அமுங்கியதோ இல்லையோ, நான் நன்றாக அமுங்கினேன். சீட்டில் ஸ்பிரிங் செத்துப்போய், அதிர்வெல்லாம் நேராக என் இடுப்பில் வந்து இறங்கும். வலிக்கிறது என்றால், நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன வலி என்று தார் ஊற்றுகிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் கான்ட்ராக்டர் சொன்னார்: "நாளைக்கு ரோலர் கம்பெனியிலேர்ந்து சீட்டைப் பாக்க ஆள் வருது. கொறையெல்லாம் ஒண்ணுவிடாமச் சொல்லிரு. சொன்னாத்தான் புது சீட்டு. இல்லாட்டி ஒனக்கு இதுதான்."

அன்று சாயங்காலம் என் மனைவி பாடம் நடத்தினாள். ஸ்பிரிங் இல்லை, முதுகு சாய இடமில்லை, எழுந்தால் இடுப்பு பிடிக்கிறது. பள்ளிக்கூடத்தில்கூட நான் இப்படி மனப்பாடம் செய்ததில்லை.

மறுநாள் மதியம் கம்பெனி இன்ஜினியர் வந்தார். சின்ன வயசு. ரோலரில் உட்கார்ந்திருந்த எனக்கு வணக்கம் வைத்து, தண்ணீர் பாட்டிலை நீட்டி, "சீட்டு எப்படிண்ணே இருக்கு?" என்றார்.

"நல்லாருக்குங்க," என்றேன்.

இவ்வளவு மரியாதையாகக் கேட்கிற பிள்ளையிடம் வேறென்ன சொல்வது?

"முதுகு வலி ஏதாச்சும்?"

"அதெல்லாம் இல்லைங்க."

அவர் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வழியனுப்பலாம் என்று இறங்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. பாதி குனிந்தபடி அப்படியே நின்றுவிட்டேன். நான் கும்பிடுகிறேன் என்று நினைத்து அவரும் பதறிப்போய்க் குனிந்து கும்பிட்டார். என்னால் நிமிர முடியவில்லை. நான் நிமிராததால் அவரும் நிமிரவில்லை.

அந்த நேரம் பார்த்து என் மனைவி சோற்றுத் தூக்குச்சட்டியோடு வந்து சேர்ந்தாள். எங்கள் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

"சார், அவரு கும்புடலை. எறங்குனா இப்படித்தான் நிப்பாரு," என்றவள், எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் முழுவதையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

"அண்ணன் நல்லாருக்குன்னு சொன்னாரேக்கா?"

"அவரு பேச்சை நம்பாதீங்க சார். எதைக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவாரு. வீட்டுல நான் வைக்கிற கொழம்பைக்கூட..."

பாதியில் நிறுத்தினாள். கையிலிருந்த தூக்குச்சட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

இன்ஜினியர் முன்பு எழுதியதை அடித்துவிட்டுப் புது சீட்டுக்கு எழுத ஆரம்பித்திருந்தார். அதற்குள் என் இடுப்பும் விட்டுவிட்டது.

"ஏங்க, நேத்து கொழம்பு எப்படி இருந்துச்சு?" என்றாள்.

நான் நிமிரவே இல்லை.