இன்ஆமின் கணினி தானாக வேலை தொடங்கிய காலை

அரபு நாட்டுக் கடலோர நகரமான சைதாவில், எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறார் இன்ஆம். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெண்மணி. பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாய்விட்டுப் படித்துக் கணினியில் பதிவு செய்கிறார். கண் தெரிகிறவர்களுக்கு மட்டும் புத்தகம் அச்சிட்டுவிட்டு, எல்லோருக்கும் ஒரே தேர்வை வைக்கிறவர்களை வெட்கப்பட வைக்க வேண்டிய வேலை அது. நான் அதைச் சொல்லிக் கொதிப்பேன். இன்ஆம் அடுத்த பக்கத்தைத் திருப்புவார்.

எங்கள் ஊரில் மின்சாரம் ஜெனரேட்டருக்கு மாறும்போது அடிக்கிற அடியில் கருகாத வீட்டுச் சாமான் இல்லை. அதனால் எதையும் செருகி வைக்க மாட்டோம். இன்ஆமின் அண்ணன் மகன், பதிவுகளைத் தினமும் தானாகவே நகலெடுக்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டு, நகல்களுக்கென்று ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வாங்கித் தந்துவிட்டுக் கனடா போனான். அது கருகிவிடக் கூடாதே என்று இவர் துணியில் சுற்றி அலமாரியில் பத்திரப்படுத்தினார். ஒரு நகல்கூட எடுக்கப்படவில்லை.

ஒரு வியாழக்கிழமை, மேல்மாடி அபு ஹாதி பழைய கல்யாணப் படம் ஒன்று வேண்டும் என்றார். கட்டடத்தின் பழைய படங்களை அண்ணன் மகன் அந்த டிஸ்க்கில் போட்டுவைத்துவிட்டுப் போயிருந்தான். இன்ஆம் செருகித் தேடும்போதே மின்சாரம் போனது. டிஸ்க்கைக் கழற்ற மறந்தார்.

மறுநாள் காலை, தன் சரித்திரப் பாடப் பதிவுகளை வாங்க லமீஸ் வந்திருந்தாள். அவளுக்குப் பார்வை இல்லை. அடுத்த வாரம் பள்ளி இறுதித் தேர்வு. படத்துக்காக அபு ஹாதியும் நின்றிருந்தார்; நானும் இருந்தேன். இன்ஆம் கணினியைப் போட்டார். கடவுச்சொல் கேட்கும் திரை வந்தது. விரல் வைப்பதற்குள் அதன்மேல் ஒரு கட்டம் தானாக முளைத்தது. எதைத் தட்டினாலும் அசையவில்லை.

"வைரஸ்!" என்று அலறினார் அபு ஹாதி. "எல்லாத்தையும் திருடறான். வயரைப் பிடுங்கு!"

"உங்க கல்யாணப் படத்தைத் திருடி என்ன பண்ணப் போறான்?" என்றேன்.

"நீங்க சிரிங்க உஸ்தாத். இவங்க குரலை ஊரே புகழுதில்ல, கண்ணு பட்டிருக்கு."

மரியாதையாக என்னை 'உஸ்தாத்' என்று அழைத்தபடியே அபு ஹாதி பிளக்கை நோக்கிக் கையை நீட்டினார்.

"அதுல என்ன எழுதியிருக்குன்னு யாராவது படிச்சீங்களா?" என்றாள் லமீஸ். "கண்ணு தெரியறவங்க மூணு பேரு இருக்கீங்க!"

வெட்கத்தோடு படித்தேன்: "விட்டுப்போன நகலெடுப்பு இப்போது நடக்கிறது. கணினியை அணைக்க வேண்டாம்."

"ஐயோ, டிஸ்க்கைக் கழட்டலையே!" இன்ஆம் பாய்ந்தார்.

"தொடாதீங்க!" என்று கத்தினேன்.

"காலத்தி, பெட்டிக்குள்ள ஏதோ கரகரன்னு உரசுதே," என்றாள் லமீஸ்; சித்தி முறையில் இன்ஆமைக் காலத்தி என்றுதான் அழைப்பாள்.

குனிந்து கேட்டேன். உண்மைதான். கணினியின் உள்ளே இருந்த பழைய டிஸ்க் சாகக் கிடந்தது. லமீஸின் சரித்திரம் முழுவதும் அதில் மட்டுமே இருந்தது. நகலெடுத்து முடியும்வரை மின்சாரம் நிற்கக் கூடாது.

அப்போதுதான் அபு ஹாதிக்கு உறைத்தது. அவர் வீடும் இன்ஆம் வீடும் ஒரே ஜெனரேட்டர் இணைப்பில் ஐந்து ஆம்பியரைப் பங்கிட்டுக்கொள்பவை. மேலே இஸ்திரிப் பெட்டி சூடானால் கீழே எல்லாம் அணையும். அன்று அவர் தங்கை மகனுக்கு நிச்சயதார்த்தம்.

மாடிப்படியில் நின்று, மேலே இருந்த மனைவியிடம் கத்தினார்: "உம் ஹாதி! இஸ்திரியைத் தொடாத! தொட்டா சரித்திரமே போயிடும்!"

"சட்டை கசங்கியிருக்கு!" என்று மேலிருந்து பதில் வந்தது.

"எனக்கு நல்லாத்தான் தெரியுது அம்மோ," என்றாள் லமீஸ்; அபு ஹாதி அவளுக்குச் சித்தப்பா முறையில் அம்மோ.

அவர் சிரித்துவிட்டார். நகலெடுத்து முடியும்வரை படியிலேயே காவல் இருந்துவிட்டு, கசங்கிய சட்டையோடு நிச்சயதார்த்தத்துக்குப் போனார்.

மாலையில் அந்தக் கணினி அணைந்தது. பிறகு உயிர் பெறவே இல்லை. டிஸ்க்கை என் கணினியில் செருகினோம். எல்லாப் பாடங்களும் இருந்தன. ஆண்டவன் காப்பாற்றினான் என்றார்கள் கட்டடத்தில். என் நன்றி வேறு இடங்களுக்குப் போகிறது. தவறிய வேலையை, யாரும் கடவுச்சொல் தட்டி உள்ளே நுழையுமுன்பே நினைவுகூர வேண்டும் என்று கணினிக்குக் கற்றுத் தந்த முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு. இஸ்திரி போடாத உம் ஹாதிக்கு. முக்கியமாக, யாரும் கேட்காமலே படித்துக்கொண்டிருந்த இன்ஆமுக்கு.

தேர்வு முடிந்து லமீஸ் நேராக இங்கேதான் வந்தாள்.

"ஒரு கேள்விக்குப் பதில் வரவே இல்ல. அந்தப் பாடத்துல நடுவுல, மேல்மாடியிலேருந்து அபு ஹாதி அம்மோ குரல் கேக்கும், 'கரண்ட் வந்துடுச்சு, துணியை மிஷின்ல போடு'ன்னு. அது ஞாபகம் வந்துச்சு. பின்னாடியே பதிலும் வந்துச்சு!"

"அப்ப மார்க்குல பாதி எனக்கு," என்றார் அபு ஹாதி.

இன்ஆம் அவளுக்குக் காப்பி ஊற்றினார். பிறகு புத்தகத்தை எடுத்து அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.